சீகைப் பட்டையும் தவிடும்: மக்கும் பிளாஸ்டிக்கில் தீயை அடக்கும் தாவரக் கலவை தயாரிக்க முழு வழிகாட்டி

பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) என்னும் மக்கும் பிளாஸ்டிக்கின் மெல்லிய துண்டு ஒன்றின் நுனியில் நெருப்பு வைத்தால் பெரிய புகை எழாது. நிதானமாக எரியும், எரிந்தபடியே சொட்டும், சொட்டு விழுந்த இடத்தில் பஞ்சோ காகிதமோ இருந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். இதன் ஆக்சிஜன் குறியீடு, அதாவது தொடர்ந்து எரியத் தேவையான குறைந்தபட்ச ஆக்சிஜன் சதவீதம், 19 முதல் 21 வரை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால், ஒருமுறை பற்றினால் தானாக அணையும் என்று நம்ப முடியாது. ஊட்டி, குன்னூர் பக்கம் விடுதிகளுக்கு விளக்கு மூடி, அலங்காரப் பலகை, ஒயர் மறைக்கும் பட்டை போன்றவற்றை மக்கும் பிளாஸ்டிக்கில் செய்ய நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

புரோமின் கலந்த பழைய தீத்தடுப்பான்களைப் போட்டால் மக்கும் பிளாஸ்டிக் என்ற பெயருக்கே பொருள் இல்லாமல் போகும். தாவரத்திலிருந்து கிடைப்பவற்றில் கைக்கு எட்டுவது இரண்டு: சீகை (வாட்டில்) மரப்பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின், அரிசித் தவிட்டில் உள்ள, பாஸ்பரஸ் நிறைந்த ஃபைடிக் அமிலம். முன்னது நீலகிரியிலேயே தேவைக்கு மேல் கிடக்கிறது. பின்னது மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளியிலிருந்து வர வேண்டும்.

வேலை செய்யும் விதம் சுருக்கமாக: சூடேறும்போது ஃபைடிக் அமிலம் உடைந்து பாஸ்பாரிக் வகை அமிலங்களைத் தரும். அவை டானினிலிருந்தும் பி.எல்.ஏ.யிலிருந்தும் தண்ணீரைப் பிடுங்க, மிஞ்சுவது கரி. நைட்ரஜன் உள்ள பொருள் ஏதாவது கூட இருந்தால் அதன் வாயு அந்தக் கரியை உப்ப வைக்கும். உப்பிய கரிப் படலம் வெப்பத்தை உள்ளே விடாது, எரியும் வாயுவை வெளியே விடாது.

சிக்கலும் இதே அமிலத்தில்தான். நெருப்பில் செய்ய வேண்டிய வேலையை அது எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து இழையாகத் தள்ளும் இயந்திரம்) தொடங்கிவிட்டால் பி.எல்.ஏ. சங்கிலிகள் துண்டு துண்டாகும். ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக. ஆகவே கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இரண்டே வேலை: அமிலத்தை உப்பாகக் கட்டிப்போடுவது, ஈரத்தை விரட்டுவது.

பட்டை: எந்த மரம், எப்போது, யாரைக் கேட்டு

நீலகிரியில் சீகை என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு இனம் கலந்திருக்கிறது. டானினுக்கு வேண்டியது கருப்பு வாட்டில், அதாவது அக்கேசியா மியர்ன்சி. இலை கரும்பச்சை, பூ வெளிறிய மஞ்சள். இலைக்காம்பின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்: சிறு முடிச்சு போன்ற சுரப்பிகள் இணுக்குகள் சேரும் இடத்தில் மட்டுமில்லாமல் நடுநடுவே ஒழுங்கில்லாமலும் தட்டுப்படும். வெள்ளி வாட்டில் இலை சாம்பல் பூத்தது, பூ பளிச்சென்ற மஞ்சள், சுரப்பிகள் இணுக்குச் சந்திப்பில் மட்டுமே. அதன் பட்டையில் டானின் குறைவு.

நல்ல கருப்பு வாட்டில் பட்டையின் காய்ந்த எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை டானின் இருக்கும். இது அந்நிய மரம், சோலையையும் புல்வெளியையும் விழுங்குகிறது, அகற்றினால் நல்லதுதான். அதற்காக நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. வனத்துறை நிலத்தில் அவர்கள் அகற்றிய மரத்தின் பட்டையை முறைப்படி வாங்குங்கள். பட்டா நிலமாக இருந்தாலும் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், அனுமதி வேண்டும். பட்டையோடு காய்கள் ஒட்டி வந்தால் அங்கேயே தட்டிவிட்டு ஏற்றுங்கள். மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் விதை அது, புதுத் தோட்டத்துக்கு நீங்களே கொண்டுபோய் விதைத்ததாகும்.

வெட்டிய ஓரிரு நாளில் உரித்தால் பட்டை நீளமாகக் கழன்று வரும். காய்ந்தபின் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் காயவைக்கலாம். மழை மாதங்களில் கூரைக்கடியில் குவித்தால் பூசணம் பிடிக்கும், பூசணம் டானினைத் தின்னும். மூட்டையைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால் அந்தப் பட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக் கழிவில் எடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். டானின் அளவு குறைவு, தேயிலைக் கழிவை உரிமம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ சட்டமும் விடாது. விட்டுவிடுங்கள்.

டானின் எடுப்பது

1 கிலோ காய்ந்த பட்டையை 5 முதல் 10 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டவே முடியாது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பு வாளி, இரும்புக் கரண்டி, துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் எது பட்டாலும் சாறு மைக் கருப்பாகும். நிறம் மட்டும் போவதில்லை. அந்த இரும்பு பி.எல்.ஏ.யைச் சூட்டில் சிதைக்கவும் உதவும்.

மூன்று வாளி முறை நல்லது. ஒவ்வொரு வாளியிலும் பட்டை, 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் 5 லிட்டர் தண்ணீர், ஒரு மணி நேரம். பழைய பட்டைக்குப் புதுத் தண்ணீர், அதில் இறங்கிய சாற்றை அடுத்த வாளிக்கு, கெட்டியான சாற்றைப் புதுப் பட்டைக்கு என்று எதிரெதிராக நகர்த்தினால் குறைந்த தண்ணீரில் அதிக டானின் இறங்கும், பிறகு வற்றவைக்கும் விறகும் மிச்சம். கொதிக்க விடாதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் குமிழியைப் பார்த்துச் சூட்டை மதிப்பிட்டால் ஏமாறுவீர்கள், வெப்பமானி வையுங்கள். அதிகச் சூட்டில் பசையும் சர்க்கரையும் சேர்ந்து இறங்கும், அவை பின்னால் எக்ஸ்ட்ரூடரில் கருகிப் புள்ளி விழும்.

துணியில் வடிகட்டி, அகலத் தட்டில் 60 முதல் 70 டிகிரியில் வற்றவையுங்கள். கிலோவுக்கு 250 முதல் 350 கிராம் வரை செம்பழுப்புக் கட்டி கிடைக்கும். பொடித்து 150 மைக்ரான் சல்லடையில் சலித்து, உடனே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். திறந்து வைத்தால் ஒரு மழை நாளில் பாகாகிவிடும்.

சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்ட ஜெலட்டின் கரைசலில் விட்டால் வெண்பழுப்புத் திரிதிரியாகப் பிரிய வேண்டும். பிரியாமல் வெறும் கலங்கலாக நின்றால் நீங்கள் எடுத்தது பெரும்பாலும் சர்க்கரை.

இத்தனை பாடு வேண்டாம் என்றால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ரசாயனக் கடைகளில் மிமோசா பவுடர் என்று கேளுங்கள். அதே மரத்தின் பட்டைச் சாறுதான். முதல் சோதனைகளுக்கு அதையே பயன்படுத்துவது புத்திசாலித்தனம். கலவை சரியாக வந்தபின் உள்ளூர்ப் பட்டைக்கு மாறலாம்.

தவிட்டிலிருந்து ஃபைடின்

எண்ணெய் எடுத்த தவிடுதான் வேண்டும். எண்ணெய் உள்ள தவிடு வடிதுணியை அடைக்கும், ஃபைடினோடு கொழுப்பும் வரும்.

8 லிட்டர் தண்ணீரில் 35 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 195 மி.லி. ஊற்றினால் 1 சதவீதக் கரைசல். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த சன்னல் மூன்றும் கட்டாயம். பிளாஸ்டிக் தொட்டி போதும். 1 கிலோ தவிட்டைப் போட்டு, சூடாக்காமல், இரண்டு மூன்று மணி நேரம் கிளறுங்கள். பி.எச். 2க்குக் கீழே இருக்க வேண்டும். சூடாக்கினால் மாவுச்சத்து கஞ்சியாகி வேலை கெடும்.

வடித்த நீரில் சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பி.எச். 6 தாண்டும்போது வெள்ளை வண்டல் திரளும். 6.5 முதல் 7க்குள் நிறுத்திவிடுங்கள். மிச்சச் சுண்ணாம்பு வண்டலோடு தங்கினால் காரமும் பி.எல்.ஏ.யை அறுக்கும். அமிலத்துக்குப் பயந்து காரத்தில் விழுவது இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு. இரவு முழுக்கப் படியவிட்டு, மேல்நீரை இறுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவாவிட்டால் கால்சியம் குளோரைடு மிஞ்சும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

80 டிகிரியில் காயவைத்து, பிறகு 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். கிலோ தவிட்டுக்கு 50 முதல் 80 கிராம் எதிர்பார்க்கலாம். இதுதான் ஃபைடின், கால்சியம் மக்னீசியம் கலந்த உப்பு. கழுவிய தரத்தைப் பொறுத்துப் பாஸ்பரஸ் 15 முதல் 20 சதவீதம். தூய ஃபைடிக் அமிலத்தில் அது 28 சதவீதம், ஆனால் அமிலமாகவே பி.எல்.ஏ.யில் போட நினைக்காதீர்கள். உருகல் தண்ணீராக ஓடும்.

இறுத்த நீரையும் கழுவிய நீரையும் ஓடையில் விட வேண்டாம். அதில் பாஸ்பேட்டும் உப்பும் உண்டு, கீழே யாரோ குடிக்கும் ஊற்றுக்குப் போகும். பி.எச். சரிபார்த்து, நிறையத் தண்ணீர் கலந்து, ஓடையை விட்டு விலகிய நிலத்தில் பரவலாகப் பாய்ச்சுங்கள்.

உப்ப வைக்கும் மூன்றாவது பொருள்

ஃபைடின் நல்ல பிள்ளை. சூட்டில் கலையாது, தண்ணீரில் எளிதில் கரையாது. அதே அடக்கத்தால் நெருப்பிலும் அமிலத்தை மெதுவாகத்தான் விடும், வாயுவும் தராது. ஃபைடினும் டானினும் மட்டும் போட்டால் எரியும் வேகம் குறையும், சொட்டு முழுசாக நிற்காது.

அந்தக் குறைக்கு ஆர்ஜினின் ஃபைடேட் செய்து சேர்க்கலாம். ஆர்ஜினின் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுக்கும் அமினோ அமிலம். கடையில் கிடைக்கும் 50 சதவீத ஃபைடிக் அமிலக் கரைசல் 100 கிராமுக்கு ஆர்ஜினின் 79 கிராம். அமிலத்தை 200 மி.லி. தண்ணீரில் கலந்து, கிளறியபடி சிறிது சிறிதாக ஆர்ஜினினைச் சேர்த்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, தட்டில் ஊற்றிக் காயவைத்தால் 129 கிராம் கண்ணாடிபோல உடையும் கட்டி. பாஸ்பரஸ் ஏறத்தாழ 11 சதவீதம், நைட்ரஜன் 20 சதவீதத்தை ஒட்டி. இது தண்ணீரில் கரையும், ஈரம் குடிக்கும். ஆகவே அளவோடுதான்.

அம்மோனியம் ஃபைடேட் மலிவு, செய்வதும் எளிது. பாக்குமட்டை, கரும்புச்சக்கைப் பலகைமேல் பூச அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எக்ஸ்ட்ரூடரில் மட்டும் வேண்டாம். சூட்டில் அம்மோனியா பறந்துவிடும், அமிலம் மட்டும் பி.எல்.ஏ.யோடு தனியாக மாட்டிக்கொள்ளும்.

1 கிலோவுக்கு ஆரம்பக் கலவை

பி.எல்.ஏ. 780 கிராம்
ஃபைடின் 100 கிராம்
ஆர்ஜினின் ஃபைடேட் 50 கிராம்
டானின் 50 கிராம்
எப்பாக்ஸிடைஸ்டு சோயா எண்ணெய் 20 கிராம்

மொத்தத்தில் பாஸ்பரஸ் 2 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். சோயா எண்ணெய் மொறுமொறுப்பைக் குறைக்கும், மிச்ச அமிலத்தையும் ஓரளவு பிடித்துவைக்கும். டானினை 80 கிராமுக்கு மேல் ஏற்றினால் கரி கூடும், வலிமை விழும். எல்லாம் சேர்ந்து அடர்பழுப்பு நிறம் வரும். வெள்ளை விளக்கு மூடி கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வி-0 தரம் (எரிசோதனைத் தரம், விவரம் கீழே) கட்டாயம் என்று வாங்குபவர் எழுதிக் கேட்டால், முழுத் தாவரக் கலவையை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபைடினில் பாதிக்குப் பதிலாக இரண்டாம் வகை அம்மோனியம் பாலிபாஸ்பேட் போடுவது நடைமுறை வழி. அது தாவரப் பொருள் இல்லை, விளம்பரச் சீட்டில் அப்படி எழுதவும் கூடாது.

ஈரம்: மலையில் நினைப்பதும் நடப்பதும்

பி.எல்.ஏ.யில் ஈரம் 0.025 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். படிகமான கிரான்யூலை (பிளாஸ்டிக் குருணை) 80 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம். மறுசுழற்சிச் செதில் என்றால் 45 முதல் 50 டிகிரியில் 12 மணி நேரமாவது, அதற்கு மேல் சூடாக்கினால் ஒட்டிக் கட்டியாகும். பொடிகளைத் தனித்தனியாக 90 முதல் 100 டிகிரியில் 8 மணி நேரம்.

மஞ்சு மூடிய குன்னூரில் இதெல்லாம் ஆகாது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. கணக்குப் போட்டால் வேறு விதம். 15 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்கு சுமார் 11.5 கிராம் நீராவி. சென்னையில் 30 டிகிரி, 75 சதவீதம் என்றால் ஏறத்தாழ 23 கிராம், இரு மடங்கு. எனவே இங்கத்திக் காற்றை இழுத்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சென்னைக் காற்றைவிட நன்றாகவே காயவைக்கும். ஈரம் உறிஞ்சும் கலம் உள்ள டிரையர் இருந்தால் இன்னும் நல்லது.

மலை தன் வேலையைக் காட்டுவது அடுப்பை விட்டு வெளியே எடுத்தபின். ஆறிய பொடி திறந்த தட்டில் அரை மணி நேரம் இருந்தாலே போதும், மீண்டும் ஈரம் பிடித்துவிடும். சூடாக இருக்கும்போதே சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்கு மாற்றி, எக்ஸ்ட்ரூடர் தயாரானபின் மட்டும் திறக்கவும். கலவையைக் கொட்டும் ஹாப்பருக்கும் மூடி போடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிய உற்பத்தி வைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

எக்ஸ்ட்ரூடரில்

ஒரே திசையில் சுற்றும் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் வேண்டும். ஒற்றை ஸ்க்ரூவில் பொடி பரவாது. சோயா எண்ணெயை முதலில் கிரான்யூல்மேல் தடவி, பிறகு பொடிகளைப் புரட்டினால் தனியாகப் பிரியாமல் ஒட்டி நிற்கும்.

சூடு: வாய்ப்பக்கம் 150, நடுவில் 165 முதல் 170, உருகல் வெளியேறும் டை 165. ஸ்க்ரூ வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்று. வேகத்தை ஏற்றினால் உராய்விலேயே உருகல் 190 டிகிரியைத் தாண்டும், திரையில் காட்டும் எண்ணை நம்பி ஏமாறுவீர்கள். ஆவி வெளியேறும் வென்ட் துளையில் வாக்யூம் ஓட வேண்டும். இழையைத் தண்ணீர்த் தொட்டியில் இழுக்காமல் காற்றில் ஆறவிடுங்கள், இல்லையென்றால் ஆர்ஜினின் ஃபைடேட் மேல்பரப்பிலிருந்து கரைந்து போகும்.

இழையைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லலாம். இழைக்குள் நுண்குமிழி நிறைந்து பஞ்சுபோல வந்தால் ஈரம். குமிழியோடு மீன்வாடையோ காரநெடியோ அடித்தால் ஆர்ஜினின் உப்பு சிதைகிறது, சூட்டை 5 டிகிரி இறக்குங்கள். குமிழியே இல்லாமல், ஆனால் தேன்போல மெல்லிதாக ஒழுகி, ஆறியதும் விரலில் பட்டென்று ஒடிந்தால் சங்கிலி அறுந்துவிட்டது. கழுவாத ஃபைடினோ, உப்பாகாத அமிலமோ காரணம். கரும்புள்ளி என்றால் டானினில் சர்க்கரை, அல்லது பீப்பாய்க்குள் பழைய மிச்சம்.

கண்ணோடு நிற்காமல் 190 டிகிரி, 2.16 கிலோ எடையில் உருகல் ஓட்ட எண்ணை (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு வேகமாக வழிகிறது என்ற அளவு) அளந்து, சேர்க்கை இல்லாத அதே பி.எல்.ஏ.யோடு ஒப்பிடுங்கள். இரு மடங்குக்கு மேல் போனால் அந்தத் தொகுதியை வைத்து எரிசோதனை செய்வது வீண். சங்கிலி அறுந்த பிளாஸ்டிக் வேகமாகச் சொட்டி, நெருப்பைத் தன்னோடு எடுத்துக்கொண்டு விழும். மேலே சுடர் அணைந்துவிட்டதைப் பார்த்து ஜெயித்ததாக நினைப்போம், கீழே பஞ்சு எரிந்துகொண்டிருக்கும்.

எரித்துப் பார்ப்பது

பிளாஸ்டிக் எரிவதை அளக்கும் யு.எல்.-94 தரநிலையின் செங்குத்துச் சோதனை விதி: 125க்கு 13 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டைகள் ஐந்து, 20 மில்லிமீட்டர் சுடர், 10 விநாடி வீதம் இரண்டு முறை, 300 மில்லிமீட்டர் கீழே பஞ்சு. ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் அணைந்து, பத்துச் சுடருக்கும் சேர்த்து 50 விநாடிக்குள் முடிந்து, இரண்டாவது சுடருக்குப் பின் கங்கும் 30 விநாடிக்குள் அடங்கி, பஞ்சு பற்றாமல் இருந்தால் வி-0. ஒவ்வொன்றும் 30 விநாடி, மொத்தம் 250, கங்குக்கு 60 என்றால் வி-1. அதே நேரக்கணக்கில் சொட்டு பஞ்சைப் பற்றவைத்தால் வி-2. தரம் அந்தத் தடிமனுக்கு மட்டும்தான். 3.2 மில்லிமீட்டரில் தேறியது 1.6இல் தோற்கலாம். உங்கள் பொருளின் மிக மெல்லிய இடத்தின் தடிமனில் சோதியுங்கள்.

பட்டைகளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்தபின் எரிக்க வேண்டும். 70 டிகிரியில் 168 மணி நேரம் வைத்த இன்னொரு தொகுதியும் உண்டு. பி.எல்.ஏ. 55, 60 டிகிரியிலேயே இளகும் என்பதால் அந்தப் பட்டைகள் வளைந்துவிடும். முன்கூட்டியே அச்சுக்குள் வைத்து 110 டிகிரியில் 20, 30 நிமிடம் படிகமாக்கினால் நேராக நிற்கும்.

இனி, மலையில் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 76 சதவீதம். ஆக்சிஜன் விகிதம் அதே 21தான், ஆனால் ஒரு லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் சுடர் பொதுவாக மெலியும். ஊட்டியில் 9 விநாடியில் அணைந்த பட்டை சென்னையில் 12 விநாடி எரிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் கூடத்தில் 5 விநாடிக்குள் அடங்காத எதையும் வி-0 என்று எண்ணாதீர்கள். சான்றிதழுக்கான சோதனையைச் சமவெளியில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். சென்னை கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது.

அணைந்த பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கரியை நகத்தால் கீறுங்கள். தொடர்ச்சியாக, சின்னச் சின்ன மூடிய குமிழிகளோடு, சற்று அழுத்தினால்தான் நொறுங்கும் என்றால் நல்ல கரி. பிளந்து, உள்ளே பளபளக்கும் பிளாஸ்டிக் தெரிந்தால் வாயு கரியைக் கிழித்துவிட்டது, ஆர்ஜினின் ஃபைடேட்டைக் குறையுங்கள். தட்டையான கறுப்புத் தோல் மட்டும் இருந்தால் வாயு போதவில்லை. கரி உதிரித் தூளாக இருந்தால் பொடி சரியாகப் பரவவில்லை, சல்லடைக்குத் திரும்புங்கள்.

தண்ணீர்ச் சோதனை

மஞ்சு இறங்கும் ஊரில் இதைத் தவிர்க்கக் கூடாது. எடை போட்ட பட்டைகளைச் சாதாரணத் தண்ணீரில் 72 மணி நேரம் ஊறவைத்து, காயவைத்து, மீண்டும் எடை போட்டு, மீண்டும் எரியுங்கள். எடை 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ மேலே வெள்ளைப் பூப்புத் தெரிந்தாலோ உப்பு கசிகிறது. ஆர்ஜினின் ஃபைடேட்டைப் பாதியாக்கி, அந்த அளவுக்கு ஃபைடினை ஏற்றுங்கள். எப்படியானாலும் வெளிப்புறத்தில், சாரல் படும் இடத்தில் மாட்டும் பொருளுக்கு இந்தக் கலவை பொருந்தாது. உணவுப் பாத்திரத்துக்கும் வேண்டாம். மின்சுவிட்சு, பிளக் போன்றவற்றுக்குத் தனி இந்தியத் தரநிலைகள் உண்டு, எரிசோதனையில் தேறியது மட்டும் போதாது.

மக்குமா, விற்கலாமா

நீங்கள் வாங்கிய பி.எல்.ஏ.க்கு மக்கும் தன்மைச் சான்று இருக்கலாம். 20 சதவீதத்துக்கு மேல் வேறு பொருளைச் சேர்த்தபின் அந்தச் சான்று உங்கள் பொருளுக்குச் செல்லாது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரநிலையின்படி புதிதாகச் சோதித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற வேண்டும். டானின் நுண்ணுயிர்களை மட்டுப்படுத்தும் பொருள் என்பதால் மக்கும் காலம் நீளக்கூடும், அளந்து பார்க்காமல் நாள் கணக்குச் சொல்லாதீர்கள்.

பி.எல்.ஏ. ஒழுங்காக மக்குவது 58 டிகிரியை ஒட்டிய தொழில்முறைக் கம்போஸ்டில். உறைபனி விழும் ஊட்டித் தோட்டத்துக் குழியில் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாங்குபவரிடம் திரும்பப் பெறும் ஏற்பாட்டை விலையோடு சேர்த்தே பேசிவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை மாநிலத்தின் மற்ற இடங்களைவிடக் கடுமையானது. மக்கும் என்ற முத்திரை இருப்பதாலேயே விலக்கு உண்டு என்று எண்ணி அச்சு செய்யக் காசு போடாமல், பொருளின் மாதிரியோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதில் கையில் வந்தபின் அச்சுக்கு ஆர்டர் கொடுங்கள்.